கண்ணூர் தினேஷும் தென்காசிச் சொளவும்

சுருட்டில் உள்ளே இருப்பதும் புகையிலை, சுற்றியிருப்பதும் புகையிலை. பீடியில் உள்ளே புகையிலைத் தூள், வெளியே காட்டு இலை. சுற்றுகிறவரின் பாடெல்லாம் அந்த இலையோடுதான். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம், இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக் கடைக்குப் போய்த் திரும்பும் பெண்ணிடம் அடுத்த வீட்டுக்காரி முதலில் கேட்பது, “இன்னைக்கு எல எப்படிக்கா?” என்பதுதான்.

இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளிலிருந்து வருகிறது. கோடைக்கு முன்பே செடியை வெட்டிவிடுவார்கள். சித்திரை, வைகாசியில் புதிதாகத் துளிர்க்கும் இலையைப் பறித்து, 50 இலை கொண்ட கட்டாகக் கட்டி, வெயிலில் காயப்போடுவார்கள். தோல் மாதிரி வளையும், மடித்தால் உடையாது, தனக்கென்று பெரிய மணமில்லை. பீடிக்கு இது நிலைத்துப்போனதற்குக் காரணம் அவ்வளவுதான். தூள் குஜராத்தின் சரோத்தர் பகுதியிலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் வருகிறது.

ஆயிரம் பீடிக்குச் சுமார் 500 முதல் 700 கிராம் இலையும் 200 முதல் 300 கிராம் தூளும் பிடிக்கும். பீடியின் பருமனைப் பொறுத்து இது கூடும், குறையும். இலைக் கணக்குத்தான் ஆளைக் கொல்வது. நல்ல இலையில் இரண்டு துண்டு விழும். ஓட்டையும் கரும்புள்ளியும் தடித்த நரம்புமாக இருந்தால் ஒன்றுகூடத் தேறாது. எடை போட்டுக் கொடுத்த இலையில் ஆயிரம் வரவில்லையென்றால், குறைகிற இலையைச் சுற்றுகிறவர் தன் கைக்காசில் வாங்கி நிரப்ப வேண்டியிருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் இலையை நனைத்து, நீர் வடித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் இலை கையில் துணி மாதிரி குழையும். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்திரியால் சுற்றி வெட்டும்போது நடுநரம்பை ஒதுக்கிவிட வேண்டும். நரம்பு உள்ளே போனால் சுற்று உப்பிக்கொண்டு நிற்கும். வெட்டிய துண்டுகளை மறுபடி ஈரத்துணிக்குள் மூடி, கைக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். மடியில் வைத்த சொளவில், அதாவது முறத்தில், தூள், ஓரத்தில் இலைத்துண்டு, விரலருகே நூல். தூளை ஒரு சிட்டிகை எடுத்து நீளவாக்கில் பரப்பி, மூலையிலிருந்து உருட்டி, அகலமான வாயைச் சின்ன இரும்புக் கம்பியால் உள்ளே மடக்கிக் குத்தி, குறுகிய பக்கம் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். 25 சேர்ந்தால் ஒரு கட்டு.

தவறுவதெல்லாம் சிட்டிகையிலும் ஈரத்திலும்தான். தூள் நடுவில் குவிந்தால் பீடி வயிறு தள்ளும். நுனியில் குறைந்தால் மடக்கிய வாய் உள்ளே சரியும். அதிகம் அழுத்தினால் இழுக்க வராது, தளர்த்தினால் பாதியில் அணையும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் தூள் கட்டிதட்டும், கட்டிய பீடி ஒரு ராத்திரியில் பூஞ்சணம் பிடிக்கும். அதே ஆடியில் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிட்டால் வெட்டிய துண்டு கால் மணி நேரத்தில் மொறுமொறுத்து ஓரம் வெடிக்கும். ஒரே வாரத்தில் இரண்டும் வரும் ஊர் இது. மழை நாளில் சாக்கில் நீரைக் குறைப்பதும், காற்று நாளில் துண்டுகளைச் சிறுசிறு அடுக்காக மூடி வைப்பதும் தவிர வேறு வழியில்லை.

கடைசியில் எல்லாம் போய் நிற்பது கழிவில். கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது, ஆனால் அதில் போன இலையும் உழைப்பும் போனதுதான். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது. அதன்கீழ் அன்றைய மைசூர் மாநிலம் (இன்றைய கர்நாடகம்) எழுதிய விதிகள், சாதாரணமாக 5 சதவீதத்துக்குமேல் கழிக்கக் கூடாது என்றன. ஆயிரத்துக்கு ஐம்பது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

கேரளம் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த முனைந்ததும், 1968-ல் மங்களூர் கம்பெனிகள் வடமலபாரில் கடையை மூடிவிட்டுப் போயின. ஏறத்தாழ 12,000 பேருக்கு வேலை போயிற்று. தினேஷ் பீடி பிறந்தது அந்தப் பட்டினியில். 1969 பிப்ரவரியில் கண்ணூரில் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். ஒரு பங்கு 20 ரூபாய். தொழிலாளி கையிலிருந்து போட்டது ஒரு ரூபாய், மீதி அரசுக் கடன். இலையும் தூளும் வாங்குவது, பீடியை விற்பது மத்திய சங்கத்தின் வேலை. சுற்றுவது ஆரம்பச் சங்கங்களின் கொட்டகைகளில். உச்சத்தில் 42,000 பேர் வரை வேலை செய்தார்கள்.

கொட்டகை என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அங்கே ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் சுற்றியபடி கேட்பார்கள். மலபாரில் இது தினேஷுக்கு முந்திய பழக்கம். வாசிக்கிறவருக்குக் குறையும் பீடியை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுத்துச் சமன் செய்வார்கள். கழிவு போட்டால் அத்தனை பேர் முன்னால் போட வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண் தன் வீட்டு நடையில் தனியாகச் சுற்றுகிறாள், கடையில் தனியாக நின்று பதில் சொல்கிறாள். கைத்திறனில் அவள் கண்ணூர்க்காரருக்கு இளைத்தவளில்லை. கழிவு ஏன் இவ்வளவு என்று சேர்ந்து கேட்கப் பக்கத்தில் ஆளில்லை, அவ்வளவே.

1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை விதித்தது. பீடி விற்பனை சரியும் என்று உணர்ந்திருந்த தினேஷ் அதற்கு முன்பே தேங்காய்ப்பால், மசாலாப்பொடி, குடை என்று திரும்பத் தொடங்கியிருந்தது. பீடி உடம்புக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமே வேண்டாம். இலையில் காற்றுப் புகாததால் அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் அதிகம். சுற்றுகிறவருக்கும் தூள் மூச்சில் ஏறும். தொட்டில் கட்டிய அறையில் தூள் சலிப்பதை உடனே நிறுத்த வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாது.

பீடிமீது வசூலித்த நலநிதித் தீர்வை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது போய்விட்டது. முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் இன்றும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். அட்டையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். ‘முத்துலெட்சுமி’ ஒன்றில் ‘முத்துலட்சுமி’ என்று இருந்தாலும் பி.எஃப். பணம் எடுக்கும் நாளில் அங்கேதான் சிக்கும்.