எலும்பு கரைவதும் கட்டப்படுவதும்

மனித எலும்புக்கூட்டின் பணிகள் யாவை என்று வகுப்பில் கேட்டால், உடலுக்கு வடிவம் தருதல், உள்ளுறுப்புகளைக் காத்தல், அசைவுக்கு உதவுதல், தாது உப்புகளைச் சேமித்தல், இரத்த அணுக்களை உண்டாக்குதல் என ஐந்தையும் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக உயிரியல் கற்பித்துவரும் எனக்கு அந்தப் பட்டியலில் பிழை எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்தப் பணிகளில் இரண்டு ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்பதை நம் பாடங்கள் அழுத்திச் சொல்வதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. உடலைத் தாங்க வேண்டுமானால் எலும்பில் கால்சியம் நிறைந்திருக்க வேண்டும். இதயம் சீராகத் துடிக்க வேண்டுமானால், தேவைப்படும்போதெல்லாம் அதே கால்சியத்தை எலும்பிலிருந்து எடுத்தாக வேண்டும். முதுமையில் எலும்பு ஏன் எளிதில் முறிகிறது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த இழுபறிக்குள்தான் இருக்கிறது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. மண்டையோடு, முதுகெலும்பு, மார்புக்கூடு ஆகியவை அடங்கிய அச்சுச் சட்டகத்தில் 80, தோள், இடுப்பு வளையங்களும் கை கால்களும் சேர்ந்த இணையுறுப்புச் சட்டகத்தில் 126. இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, அதாவது 106 எலும்புகள், இரு கைகளில் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரையிலும் இரு பாதங்களிலும் மட்டுமே இருக்கின்றன என்பது பலருக்கு வியப்பளிக்கும். பிறந்த குழந்தைக்கு எலும்புகளின் எண்ணிக்கை இதைவிட அதிகம். வளர வளரப் பல துண்டுகள் ஒன்றாக இணைகின்றன. காறை எலும்பின் உள்முனை முழுதாக இணைவதற்கு இருபதுகளின் நடுப்பகுதிகூட ஆகலாம் என்பதால், ஒருவரின் வயதைக் கணிக்க வேண்டிய வழக்குகளில் அந்த இடத்தின் எக்ஸ்ரே உதவுகிறது.

எலும்பு எதனால் ஆனது என்பதை விளக்க, வினிகரில் ஊறவைத்த கோழிக்கால் எலும்பைத்தான் வகுப்பில் காட்டுவேன். சில நாள்களில் அமிலம் தாது உப்பைக் கரைத்துவிடும். வெளியே எடுத்தால் எலும்பின் உருவம் அப்படியே இருக்கும். ஆனால் இரு விரல்களால் வளைத்தால் ரப்பர்போல வளையும். எஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரத இழை. இன்னொரு எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் புரதம் எரிந்து தாது மட்டும் மிஞ்சும். அதுவும் உருவம் மாறாமல் வெளுத்திருக்கும், ஆனால் அழுத்தியவுடன் பொடியாகும். இழுவிசையைத் தாங்குவது கொலாஜன், அழுத்தத்தைத் தாங்குவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். இரண்டும் கூடியிருப்பதால்தான் எலும்புக்கு உறுதி. வைட்டமின் டி போதாமல், எலும்பில் தாது சரியாகப் படியாத ரிக்கெட்ஸ் நோய்க்கு ஆளான குழந்தைகளின் கால்கள் ஏன் வளைகின்றன என்பதை, வினிகர் எலும்பைத் தொட்டுப் பார்த்த மாணவருக்கு நான் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கும்போது ஒன்றை மட்டும் நீளவாக்கில் பிளந்து தரச் சொல்லிப் பாருங்கள். நடுத்தண்டின் சுவர் தந்தம்போல் இறுகியிருக்கும்; உள்ளே மஜ்ஜை நிறைந்த குழி. மூட்டுக்கு அருகே செல்லச் செல்லச் சுவர் மெலிந்து, உட்புறம் முழுவதும் நுண்ணிய எலும்பு இழைகளின் வலைப்பின்னலாக மாறிவிடும். அந்த இழைகள் கண்டபடி ஓடுவதில்லை. 1860களில் சூரிச் நகரில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் தொடை எலும்பின் தலைப்பகுதியில் இந்த இழைகள் செல்லும் திசைகளை ஆராய்ந்தபோது, பாரந்தூக்கி போன்ற கட்டமைப்புகளில் விசை பாயும் கோடுகளைக் கணக்கிட்டு வரைந்துவந்த பொறியாளர் கார்ல் குல்மன், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டுகொண்டார். எடை எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில் எலும்பு இழை அமைந்திருந்தது. 1892இல் ஜூலியஸ் வுல்ஃப் இதை ஒரு விதியாகவே முன்வைத்தார்: எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு தடித்திருப்பதும், எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழப்பதும் இதனால்தான்.

இத்தகைய மாற்றம் நிகழ வேண்டுமானால், இருக்கும் எலும்பு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட வேண்டும். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அமிலத்தையும் நொதிகளையும் சுரந்து பழைய எலும்பை அரிக்கின்றன. அவை விட்டுச்சென்ற பள்ளத்தை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் நிரப்புகின்றன. அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்புவதற்குச் சில மாதங்கள் ஆகும். வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இனி அந்த இழுபறிக்கு வருகிறேன். உடலில் உள்ள கால்சியம் ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்திலும் பிற திசுக்களிலும் உள்ள மிகச் சிறிய பங்கைக் கொண்டுதான் தசைகள் சுருங்குகின்றன, நரம்புகள் செய்தி கடத்துகின்றன, இரத்தம் உறைகிறது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவு சற்றுக் குறைந்தாலும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உடனே ஹார்மோனைச் சுரக்கின்றன. சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது, குடல் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது; கூடவே எலும்பும் கரைக்கப்படுகிறது. உணவில் கால்சியம் போதாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்கு இரத்தப் பரிசோதனை முடிவு பெரும்பாலும் சரியாகவே வரும். விலையைக் கொடுப்பது எலும்பு. இதயத்துக்கும் எலும்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் உடல் தயங்காமல் இதயத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்தும் இவ்வாறே ஒரு பங்கு குழந்தைக்குப் போகிறது. பால் மறந்த பிறகு அது பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டுவிடும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் ஏற்படும் இழப்பு அப்படித் தானாகத் திரும்புவதில்லை. வீட்டில் உள்ள பெண்களுக்கு முதலில் பாலும் கேழ்வரகும் போய்ச் சேர வேண்டும் என்று நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வது இதனால்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

மஜ்ஜையின் வேலை இவற்றிலிருந்து தனித்தது. குழந்தைப் பருவத்தில் ஏறத்தாழ எல்லா எலும்புகளிலும் இருக்கும் சிவப்பு மஜ்ஜை, வளர்ந்த பிறகு இடுப்பு, மார்பு, விலா, முள்ளெலும்புகள் போன்ற இடங்களில்தான் பெரிதும் எஞ்சுகிறது. அங்கிருந்து நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகி வருகின்றன. மஜ்ஜைப் பரிசோதனைக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் பின்இடுப்பு எலும்பில் ஊசி செலுத்துவதற்கு இதுவே காரணம்.

ஓயாமல் புதுப்பிக்கப்படும் திசு என்பதாலேயே, இரத்தத்தில் வருகிற வேண்டாத பொருளும் எலும்புக்குள் குடியேறிவிடுகிறது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியிலிருந்து 1937இலேயே ஃபுளூரோசிஸ் என்னும் இந்த எலும்பு நோய் மருத்துவ இதழில் பதிவானது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நெடுங்காலம் இதனால் அவதிப்பட்டன. எலும்புப் படிகத்தின் ஒரு பகுதியில் ஃபுளூரைடு இடம்பிடிக்கும்போது, எக்ஸ்ரேயில் எலும்பு முன்னைவிட அடர்த்தியாகத் தெரியும், ஆனால் அதன் தரம் கெட்டிருக்கும். மூட்டுகளை இணைக்கும் நார்களிலும் சுண்ணாம்பு படிந்து முதுகு விறைத்துப்போகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளூரைடு இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று இந்த எலும்பு நோயைத் தடுப்பது. ஒருமுறை எலும்பில் படிந்த ஃபுளூரைடு வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். விறைத்த முதுகைப் பழையபடி நிமிர்த்தும் மருந்தும் இல்லை. ஆகவே, எலும்பு வேகமாக வளரும் வயதில் உள்ள பிள்ளைகள் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான், குறிப்பாகப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும், முதலில் பரிசோதிக்க வேண்டும்.