எண்தேர் செய்யும் தச்சனோடு ஆறு மாதம்

கடந்த ஆடி மாதம் நான்கு அடிகள் கொண்ட ஒரு பாட்டை அலகிட்டு, அதாவது அசையும் சீருமாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு மாலைக்குள் முடியும் என்று நினைத்த வேலை, தை பிறந்த பிறகும் நோட்டுப் புத்தகத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் பாலக்கோட்டுப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்து உறங்கும். அந்த வேளையில் தழை போட வேண்டியதில்லை என்பதால், ஒரு வளர்ப்புக்கு நான்கு முறை எனக்கு ஓய்வு கிடைக்கும். யாப்பு படித்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான்.

பள்ளியில் நேர், நிரை, தேமா, புளிமா எல்லாம் மனப்பாடம் செய்தவன்தான் நான். குறளைக் கொடுத்து அலகிடச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்குவேன். ஆனால் அலகிட்ட பிறகு அந்த வாய்பாடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை ஒருவரும் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த முறை பாட்டின் பொருளும் அதன் வடிவமும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்பதை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்தேன். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களை எடுத்துக்கொண்டேன். சொந்த ஊர்ப் பாசம்தான் காரணம், வேறொன்றுமில்லை. (ஆத்திசூடி பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தியவர். எங்கள் வீட்டில் இன்னமும் இருவரையும் ஒருவராகவே வைத்திருக்கிறார்கள்.)

முதலில் எடுத்தது 87ஆம் பாட்டு. திணை தும்பை, துறை தானைமறம்.

களம்புகல் ஓம்புமின் தெவ்விர் போரெதிர்ந்து
எம்முளும் உளனொரு பொருநன் வைகல்
எண்தேர் செய்யும் தச்சன்
திங்கள் வலித்த காலன் னோனே.

பகைவர்களே, போர்க்களத்துக்குள் புகுவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த தேர்ச்சக்கரத்தைப் போன்றவன் அவன் என்பது பொருள். முதல் வாசிப்பில் எனக்குக் கடைசி அடி விளங்கவேயில்லை. ‘கால்’ என்பதை மனிதக் கால் என்றும், ‘வலித்த’ என்பதை நோவு என்றும் எடுத்துக்கொண்டு, தேர் செய்து செய்து கால் வலித்த தச்சனைக் கற்பனை செய்தேன். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் வரும் ‘கால்’ சக்கரம்தான் என்பது நினைவுக்கு வந்த பிறகே தச்சனுடைய கால் குணமாயிற்று. ‘னோனே’ என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்று தேடிய கதையை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. கால் அன்னோன் என்பது சீர் பிரிப்புக்காக ‘காலன்’, ‘னோனே’ என்று உடைந்து நிற்கிறது. பொருள் பார்த்துச் சொல்லை உடைப்பதும் ஓசை பார்த்துச் சீரை உடைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது அன்றுதான் என் கைக்குப் புரிந்தது.

அடுத்து அலகிட்டேன். புள்ளி எழுத்தைக் கணக்கில் சேர்க்காமல், ஓர் எழுத்தில் நிற்கும் அசை நேர், இரண்டு எழுத்து இணைந்த அசை நிரை. நேருக்கு ஒரு கோடு, நிரைக்கு இரண்டு கோடு. களம்புகல் கருவிளம், ஓம்புமின் கூவிளம், தெவ்விர் தேமா என்று சரளமாகப் போய், நான்காவது சீரில் முட்டிக்கொண்டேன். போ, ரெதிர்ந், து என்று பிரித்தால் மூன்று அசை வந்து கூவிளங்காய் ஆகிவிடுகிறது. இந்தப் பாட்டின் வடிவமான ஆசிரியப்பாவுக்கு உரியவை ஈரசைச் சீர்கள் என்று படித்திருந்ததால், நான் பிரித்தது தவறு என்று நினைத்து நான்கைந்து முறை அழித்து அழித்து எழுதினேன். இரண்டாம் தோலுரிப்பின்போது எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பென்சிலை வாங்கி, ‘ரெதிர்ந்து’ என்பதைச் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டார்.

“நேர், நிரை இரண்டே அசை என்று சொல்வது பிற்கால நூலான யாப்பருங்கலக்காரிகை. தொல்காப்பியச் செய்யுளியல் நேர்பு, நிரைபு என்று இன்னும் இரண்டைச் சொல்கிறது. நிரையின் பின்னால் இந்த மாதிரி உகரம் ஒட்டிக்கொண்டு வந்தால் நிரைபு. பழைய பாட்டைப் பழைய படியால் அளந்து பாரப்பா” என்றார்.

போ நேர், ரெதிர்ந்து நிரைபு, இரண்டே அசை. அடி சரியாகிவிட்டது. அவர் சொல்லியிராவிட்டால், பிற்கால இலக்கண நூலை வைத்துக்கொண்டு சங்கப் பாட்டு தளை (சீரோடு சீர் சேரும் கட்டு) தட்டுகிறது என்று முடிவு கட்டியிருப்பேன்.

இதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. இரண்டாம் அடி கூவிளம், கருவிளம், புளிமா என்று நேரும் நிரையும் கலந்து போகிறது. அதன் கடைசிச் சீரான ‘வைகல்’ தேமா. அங்கிருந்து எண்தேர் தேமா, செய்யும் தேமா, தச்சன் தேமா, அடுத்த அடியில் திங்கள் தேமா. தொடர்ந்து ஐந்து தேமாக்கள், அதாவது பத்து நேரசைகள், இடையில் ஒரு நிரைகூட இல்லாமல் வருகின்றன. கொட்டாப்புளியால் உளியின் தலையில் தட்டுவது போல ஒரே அளவான பத்துத் தட்டு. பதினோராவது அசையில்தான் ‘வலித்’ என்று ஒரு நிரை வந்து ஓசை சற்றே நீள்கிறது. நாளுக்கு எட்டுத் தேர் செய்கிற வேகம் தட்டு மாறாமல் ஓடி, ஒரு மாதம் முயன்று செய்த அந்த ஒன்றைச் சொல்லும் சொல்லில் போய்த் தயங்குகிறது. வாய்விட்டுப் படிக்காமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அன்று இரவு தழை போடும்போது இந்த இரண்டு அடிகளையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போட்டதால், வீட்டில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் மகிழ்ச்சியில் ஒரு தப்பும் செய்தேன். மூன்றாம் அடியில் மூன்று சீர்தான் இருக்கிறது; வேகத்தைக் காட்டவே புலவர் ஒரு சீரைக் குறைத்திருக்கிறார் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, மூன்று சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பாவின் பொது விதி. பாட்டு எதைப் பற்றியதாக இருந்தாலும் அந்த அடி குறுகத்தான் செய்யும். வடிவம் தானாகக் கொடுப்பது எது, இந்தப் பாட்டுக்கென்று புலவர் செய்தது எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாமே அதிசயமாகத் தெரியும். மூன்று சீரை அடித்துவிட்டேன். பத்து நேரசையை வைத்துக்கொண்டேன்.

இரண்டாவதாக 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அங்கே பாடியது. திணை பாடாண், துறை வாண்மங்கலம். உன் படைகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேலோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து எப்போதும் கொல்லனின் சிறு உலைக்கூடத்தில் கிடக்கிறது என்கிறார். வாளைப் புகழும் துறை என்று பெயர் போட்டுவிட்டு, எதிரியின் ஆயுதத்தைப் புகழ்ந்தே பாட்டுத் தொடங்குகிறது. ‘இவ்வே’ என்ற சொல் அடிக்கணக்குக்கு வெளியே கூனாக முன்னால் நிற்பது, கையை நீட்டிக் காட்டுவது போல இருக்கிறது. 87ஆம் பாட்டில் கிடைத்த மாதிரி ஒரு தட்டு இங்கேயும் கிடைக்கும் என்று இரண்டு வாரம் தேடி ஏமாந்தேன். கிடைத்தது வேறு. அதியமானுடைய கொடையைச் சொல்லுமிடத்தில், உண்டானால் கொடுத்தும் இல்லையானால் இருப்பதை உடன் உண்டும் வாழ்பவன் என்ற இரண்டு அடிகள் மட்டும் இரண்டிரண்டு சீராகச் சுருங்குகின்றன. நையாண்டிக்கு நடுவே குரல் இறங்குவது போல எனக்குக் கேட்கிறது. தமிழாசிரியர் இதை ஏற்கவில்லை; ஆசிரியத்தில் இப்படிக் குறுகிய அடிகள் வருவது வழக்கம்தான் என்றார். நான் நோட்டில் கேள்விக்குறி போட்டு விட்டுவைத்திருக்கிறேன்.

மூன்றாவது, அதியமான் இறந்த பிறகு பாடிய 232ஆம் பாட்டு. திணை பொதுவியல், துறை கையறுநிலை. காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் நாளாக இல்லாமல் போகட்டும் என்று தொடங்கி,

நடுகல் பீலி சூட்டி நாரரி
சிறுகலத் துகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே

என்று முடிகிறது. இறந்த வீரனுக்கு நட்ட கல்லில் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றினால் ஏற்றுக்கொள்வானோ, மலை உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் என்பது பொருள். ‘பிறங்குமலை’ வந்தபோது தயங்கவில்லை; ‘பிறங்கு’ நிரைபு என்று வட்டமிட்டுவிட்டு நகர்ந்தேன். என்னை நிறுத்தியது ‘பீலி’. தொண்டைமானின் பயன்படாத ஆயுதங்களுக்குச் சூட்டியிருந்த அதே மயிற்பீலி, இப்போது அதியமானின் கல்லுக்குச் சூட்டப்படுகிறது. கேலி செய்யப் பயன்பட்ட சொல்லை எடுத்து இரங்கலில் வைத்திருக்கிறார். தொகுப்பில் இந்த இரண்டு பாட்டுகளும் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பாடாண் தனியாகவும் கையறுநிலை தனியாகவும் படித்தால் இது கண்ணில் படாது. ஒரே புலவரை வரிசையாகப் படித்ததால் பட்டது.

இரண்டாம் கண்டுபிடிப்பு அலகிட்டதில் வந்தது. ‘சிறுகலத் துகுப்பவும் கொள்வன் கொல்லோ’ என்ற அடி கருவிளம், கருவிளம், தேமா, தேமா. ‘நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே’ என்ற அடி கூவிளம், கருவிளம், தேமா, தேமா. முதல் அசை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. சின்னக் கிண்ணத்தில் ஊற்றும் கள்ளும், மலையோடு சேர்ந்த முழு நாடும் ஒரே அளவு ஓசைக்குள் அடங்குகின்றன. ‘உகுப்பவும்’ நின்ற இடத்தில் ‘கொடுப்பவும்’, ‘கொள்வன்’ நின்ற இடத்தில் ‘கொள்ளாதோன்’. அழுகையை இவ்வளவு துல்லியமாக நிறுத்துப் போட முடியுமா என்று வியந்தேன்.

எங்கள் பக்கத்தில் பழைய நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். எங்கள் மல்பெரித் தோட்டத்து வரப்பை ஒட்டியும் ஒன்று உண்டு. வில் பிடித்த கை மட்டும் தேயாமல் இருக்கிறது. சிறு வயது முதல் பொங்கல் வைத்துக் கும்பிட்ட கல்லும் பாட்டில் வருகிற நடுகல்லும் ஒரு வகை என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. பாட்டைப் படித்த மறுநாள் போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வந்தேன்.

படிப்பதோடு நிற்காமல் மார்கழியில் சொந்தமாக ஒரு குறள் வெண்பா கட்டிப் பார்த்தேன். ஐந்தாம் பருவத்தில் புழுக்கள் கூட்டமாக இலை தின்னும் ஓசை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மழை பெய்வது போலவே இருக்கும். அதைச் சொல்ல வேண்டும் என்பது ஆசை. ‘மழைபொய்த்த நிலத்தில்’ என்று தொடங்கினேன். மழைபொய்த்த என்பது புளிமாங்காய். அதற்கு அடுத்து ‘நிலத்’ என்று நிரை வந்தால் காய்முன் நிரை, கலித்தளை. வெண்பாவில் அது நுழையக் கூடாது. ‘நிலத்தில்’ போய் ‘ஊரில்’ வந்தது. மூன்று நாள் கழித்து இப்படி முடிந்தது:

மழைபொய்த்த ஊரில் மழையோசை கேட்டேன்
இழைநூற்கும் பட்டுப் புழு

தளை தட்டவில்லை, மழைக்கு இழை எதுகை, கடைசிச் சீர் மலர் வாய்பாடு. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். ஆசிரியர் அலகிட்டுப் பார்க்கவே இல்லை. “இழை நூற்கிற புழு சத்தம் போடுமா?” என்று மட்டும் கேட்டார்.

போடாது. சந்திரிகையில் (கூடு கட்டுவதற்கான தட்டு) ஏறிக் கூடு கட்டத் தொடங்கிய புழு இலை தின்னாது, மனையே அமைதியாகிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் புழு வளர்க்கும் நான், ஓர் எதுகைக்கு ஆசைப்பட்டு என் கண்ணால் கண்டதையே மாற்றி எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே திருத்தம் கிடைத்தது. தழையும் மழைக்கு எதுகைதான், அதுவும் புளிமாங்காய்தான்:

மழைபொய்த்த ஊரில் மழையோசை கேட்டேன்
தழைமேயும் பட்டுப் புழு

கேட்டேன் என்பதற்கும் புழு என்பதற்கும் நடுவே ஒரு பாலம் குறைகிறது என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் அது குறைவதே நல்லது என்கிறார். நான் இன்னும் சமாதானமாகவில்லை.

இப்போது வரப்பு ஓரத்து வேடியப்பனைப் பற்றி நான்கு அடியில் ஓர் ஆசிரியப்பா எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு அடியும் கடைசி அடியும் நின்றுவிட்டன. மூன்று சீரில் நிற்க வேண்டிய ஈற்றயலடியில், வில் பிடித்த கைக்காக நான்காவது சீர் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது. நாளை மறுநாள் மூன்றாம் தோலுரிப்பு. அன்று மறுபடி உட்கார வேண்டும்.