மதிலோரத்து முள்செடிக்குப் பெயர் தேடியது

தக்கலையில் அத்தை வீட்டு மதிலை ஒட்டி ஒரு முள்செடி நிற்கிறது. நெஞ்சுயரம், நெருங்கிய கிளைகள், பளபளக்கும் கரும்பச்சை இலைகள். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் அழகுக்காக நட்டதாம். ஜூன் மழையில் அதில் சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்புப் பழங்கள் பிடித்திருந்தன. அத்தையின் நான்கு வயதுப் பேத்தி ஒன்றைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பழத்தைப் பிடுங்கிப் போட்டேன். செடியின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் களா என்றுதான் நினைத்தேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த பெரிய களாவுக்கும் பழம் சிவப்புதான். ஆனால் களா இனமென்றால் இலையைக் கிள்ளியதும் பால் வடிய வேண்டும், இலைகளும் எதிரெதிராக இருக்க வேண்டும். இதில் பால் வரவில்லை. இலைகள் மாறிமாறி இருந்தன. போன் செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வந்தது.

அடுத்த ஞாயிறு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு போனேன். ஒரு இலை என்று நான் எண்ணியிருந்தது உண்மையில் மூன்று சிற்றிலைகள். நடுவில் உள்ளது பெரிது, பக்கத்து இரண்டும் சிறிது. நுனியில் லேசான வெட்டு. இலைக்கணுவில் இரண்டிரண்டாக மெல்லிய முட்கள். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம்! வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனைப் புள்ளிகள், அதாவது எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் இருக்கும் குடும்பம் என்று அப்போதே உறுதியாகிவிட்டது.

அத்தை சொன்னாள்: “மூணு இலை இருக்குல்லா, அது குட்டி வில்வமாக்கும் மக்களே.” அத்தை பிடித்த குடும்பம் சரிதான். ஆனால் வில்வம் மரம். காயும் கெட்டியான ஓட்டோடு பெரிதாக இருக்கும். நம் காடுகளில் இருக்கும் குருந்தோ என்றும் பார்த்தேன். அதன் இலை தனி இலை, பழமும் சிவக்காது.

இனி பூ வந்தால்தான் தெரியும். காத்திருந்தேன். ஆகஸ்டில் அத்தையே போன் செய்தாள், மதிலோரம் மணக்கிறது என்று. வெள்ளைப் பூ, மூன்றே இதழ், மூன்று புல்லிதழ், ஆறு மகரந்தத்தாள். மூன்று மூன்றாக எண்ணி முடித்தபோது கை நடுங்கியது. எலுமிச்சைக் குடும்பத்தில் நாலைந்து இதழ்கள்தான் வழக்கம், மூன்று அபூர்வம். அதை வைத்துத் தேடியதும் பெயர் கிடைத்தது: டிரைஃபேசியா டிரைஃபோலியா. ஆங்கிலத்தில் லைம்பெர்ரி. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த செடி. டிரைஃபேசியா என்ற பேரினப் பெயரை 1790இல் வைத்தவர் லூரெய்ரோ என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார்.

பழம் தின்னக்கூடியதுதான், ஜாமும் செய்வார்களாம். உறுதியான பிறகு ஒன்றைத் தின்று பார்த்தேன். இனிப்பு, கூடவே எலுமிச்சைத் தோலின் காரம். சதை பசை போல விரலில் ஒட்டுகிறது. ஆனாலும் இந்த முள்ளுக்குள் பிள்ளை கைவிட வேண்டாம் என்று கீழ்க்கிளைகளை வெட்டிவிட்டோம்.

இப்போது என் கவனம் பக்கத்தில் நிற்கும் நாரத்தை மரத்தின் மேல். இலை மஞ்சளாகி மரமே நலிந்துபோகும் கிரீனிங் நோயை எலுமிச்சை இனங்களுக்குக் கொண்டுவரும் சைலிட் என்ற சிறு பூச்சி லைம்பெர்ரியிலும் வளரும். அதனால் வாரம் ஒருமுறை இரண்டின் கொழுந்துகளையும் லென்ஸில் பார்க்கிறேன். இதுவரை பூச்சி இல்லை. கொண்டைக்குருவிகள் பழத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. மதிலுக்கு அப்பால் ஓடை. அங்கே விதை விழுந்து முளைக்காமலிருக்க, பழம் சிவந்ததும் அத்தை பறித்துக் கிண்ணத்தில் போட்டு வைக்கிறாள்.