வெள்ளை மண்ணுல சோத்துக் கிண்ணம், இப்போதைக்கு இவ்ளோ தூரம்

தென் கொரியாவுல இச்சொன் ஊர்ல மட்பாண்டம் கத்துக்கிற பட்டறையில, ஸ்டோன்வேரை (சொரசொரப்பான கெட்டி மண்ணு) விட்டுட்டு வெள்ளை போர்சலின் (பீங்கான்) மண்ணுக்கு மாறியாச்சு. கொரியாக்காரங்க வீட்டுல தினமும் வைக்கிற சோத்துக் கிண்ணம், சூப் கிண்ணம், இந்த ஒரு ஜோடி ஒழுங்கா வந்தா போதும்னுதான் இறங்கினேன். மண்ணு தொட்டா வெண்ணெய் மாதிரி இருக்கு, ஆனா தண்ணி கொஞ்சம் கூடினா போதும் சுவர் அப்படியே உக்காந்துரும், சொரசொரப்பு சுத்தமா கிடையாது அதனால மெல்லிசா இழுத்தா நிக்கிறதுக்கு உள்ள பலமே இல்ல.

அதனால சக்கரத்துல தடிமனாத்தான் இழுக்குறது. பாதி காஞ்சு தோல் பதம் வந்ததும் கவுத்து வச்சு சீவணும், கிண்ணமே அங்கதான் உருவாகுது. நீளநீளமா சுருள் விழும், நடுநடுவுல விரலால தட்டிப் பாக்கணும், டொக்குன்னு கனமா கேட்டா இன்னும் சீவலாம், சத்தம் லேசாயிருச்சுன்னா உடனே கையெடுத்துடணும். இங்க சோத்துக் கிண்ணத்தை யாரும் கையில தூக்கிச் சாப்பிட மாட்டாங்க, மேஜையில வச்சே ஸ்பூனால சாப்பிடுவாங்க, அதனால அடி வளையம் அகலமா, ஆடாம இருக்கணும்னு டீச்சரம்மா ஓயாம சொல்றாங்க. சுருக்கமும் கணக்குல வச்சுக்கணும், ஈரத்துல வாய் 13.5 செ.மீ. இருந்தது சூளையை விட்டு வெளிய வரும்போது 11.5தான்.

பக்கத்துல குவாங்ஜு மட்பாண்ட மியூசியத்துக்கும் போனேன் (தெற்கே இருக்கிற பெரிய குவாங்ஜு இல்ல, சியோல் பக்கத்துல இருக்கிறது). அந்தக் காலத்துல கொரியாவை ஆண்ட ஜோசன் ராஜாக்களோட அரண்மனைக்கு வெள்ளைப் பாத்திரம் போனது இந்த ஏரியா சூளைகள்லேர்ந்துதான். விறகு தீந்தா சூளையையே வேற மலைக்கு மாத்திருவாங்களாம், 1752ல தான் ஆத்தோரம் புன்வொன்ங்கிற இடத்துல நிலையா உக்காந்துச்சு. சாதாரண புழக்கத்துக்கான பழைய கிண்ணங்களைப் பாத்தா அடி வளையத்துல மணல் ஒட்டியிருக்கு, கீழ ஒட்டிக்காம இருக்க மணல் போட்டு சுட்டது. எனக்கு பளபளன்னு இருந்த அரண்மனை சரக்கை விட இதுதான் புடிச்சுது.

நிலா ஜாடி, அதாவது முழுநிலா மாதிரி உருண்டையான வெள்ளை ஜாடி, அது பண்ற ஆசை வேற. 40 செ.மீ. தாண்டுற பெரிய உருண்டையை இந்த மண்ணுல ஒரே இழுப்புல எடுத்தா சரிஞ்சிரும், அதான் ரெண்டு பெரிய கிண்ணத்தை வாயோட வாய் ஒட்டுறாங்க, பழசுல இடுப்புகிட்ட அந்த ஒட்டுத் தடம் லேசா புடைச்சு தெரியும். நான் பண்ணது டீ கப்பை விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். ரெண்டு பாதியும் ஒரே ஈரத்துல இருந்தா நல்லா ஒட்டுது.

முதல் செட் கரண்ட் சூளையில 1250 டிகிரி போச்சு. நிறம் கொஞ்சம் தந்தம் கலந்த வெள்ளை. லேசா நீலம் ஓடுற வெள்ளை வேணும்னா கேஸ் சூளையில காத்தைக் குறைச்சு சுடணும், கிளேஸ்ல (மேல பூசுற கண்ணாடிப் பூச்சு) இருக்குற துளி இரும்பு அப்பதான் அந்த நிறத்தைக் காட்டும். பட்டறையில கேஸ் சூளை நிறைய ஆள் சேர்ந்தாதான் பத்த வைப்பாங்க, பேர் குடுத்துட்டேன், அதுக்குள்ள சூப் கிண்ணத்தோட அடியை சீவி முடிக்கணும்.