பேஸ் கிட்டாரை டி-க்கு இறக்கும்போது
கொடைக்கானலில் பேஸ் வாசிக்கிற தம்பி தங்கைகளுக்கு. நாலு கம்பியோட சுருதியையும் ரெண்டு ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) அளவு இறக்கினா, ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸிலிருந்து 36.7-க்கு, அதாவது டி-க்கு வரும், இழுவிசை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறையும். நெக் பின்னால சாயும், முதல் நாலு ஃப்ரெட்டில் கம்பி உரசி 'கிர்ர்'னு கத்தும். உடனே பிரிட்ஜை (உடல் பக்கம் கம்பியைத் தாங்குற துண்டு) தூக்காதீங்க, ப்ளீஸ்! நெக்குக்குள்ள ஓடுற உலோகத் தண்டான ட்ரஸ் ராடை இடப்பக்கமா கால் சுற்று மட்டும் தளர்த்துங்க. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடிச்சு ஏழாவதைப் பாருங்க: கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையணும், சுமார் 0.3 மி.மீ.

இன்னும் தொளதொளன்னு இருந்தா ஈ கம்பியை 105-க்குப் பதில் 115 (0.115 அங்குலத் தடிமன்) ஆக மாத்துங்க. அது நட் (நெக்கோட தலைப்பக்கம் கம்பிகள் உட்காருற துண்டு) பள்ளத்தில் இறங்காம மேலேயே நிற்கும். அரத்தால் அகலத்தை மட்டும் தேயுங்க, ஆழம் வேண்டாம். இழுவிசை திரும்புறதால ராடையும் மறுபடி பார்க்கணும்.

ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடிச்சு நெக் தானாவே நகரும். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் அளந்த பிறகுதான் அடுத்த கால் சுற்று.