குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

என் தம்பி மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுகிறான். மதுவைத் தொட்டதே இல்லை. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்டது, "யாருக்கும் தெரியாம குடிக்கிறானோ?" அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குடலிலிருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். அப்படியென்றால் நாம் சாப்பிட்டது மட்டுமல்ல, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வெளியே விடுவதும் கல்லீரலுக்குத்தான் முதலில் போய்ச் சேருகிறது.

2019-இல் சீன ஆய்வாளர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருக்குக் கல்லீரல் கொழுப்பு முற்றிய நிலை. சோறு, இனிப்பு மாதிரி மாவுச்சத்து சாப்பிட்டாலே, ஒரு சொட்டு மது இல்லாமல் அவர் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறியது. காரணம் அவர் குடலில் இருந்த குளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. சர்க்கரையைப் புளிக்க வைத்து ஆல்கஹாலாக மாற்றும் ரகம். அவர்கள் சோதித்த கல்லீரல் கொழுப்பு நோயாளிகளில் சுமார் 60 விழுக்காட்டினரிடம் இப்படி ஆல்கஹால் உண்டாக்கும் ரகங்கள் இருந்தன. அந்த பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. தம்பிக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, எடையும் கூடுதல். ஆனால் குடிக்காத ஒருவரின் நேர்மையைச் சந்தேகிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லா பாக்டீரியாவும் கெட்டதில்லை. நார்ச்சத்து கிடைத்தால் சில வகைகள் அதிலிருந்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கியமான உணவு. செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளையும் அது இறுக்கமாக வைக்கிறது. நார்ச்சத்து குறைந்தால் குடல் சுவர் தளரும். சில பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு ரத்தத்தில் கசியும். கல்லீரலின் காவல் செல்கள் அதைக் கண்டு கிளர்ந்தெழ, அழற்சி தொடங்குகிறது. கொழுப்பு சும்மா கிடப்பதற்கும் தழும்பாக மாறுவதற்கும் நடுவே உள்ள படி இந்த அழற்சிதான்.

இனிப்பு விஷயம் கொஞ்சம் சிக்கல். அளவுக்கு மீறி ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வகையைக் குடித்தால் மிச்சம் குடல் பாக்டீரியாவிடம் போகிறது. அவை அதை அசிட்டேட் என்ற பொருளாக மாற்ற, கல்லீரல் அந்த அசிட்டேட்டிலிருந்தே கொழுப்பு தயாரிக்கிறது. 2020-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். பினாங்கில் கறிகள் ஊற்றிய நாசி கண்டார் சோற்றைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கோ, அதோடு வரும் சிராப் பண்டுங் என்ற ரோஸ் பால், பிறகு ஒரு செண்டோல், சாயங்காலம் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், இவைதான் அதிகம் கவலை.

2023-இல் வந்த இன்னொரு சீன ஆய்வில், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தை நாளுக்கு 40 கிராம் வீதம் 4 மாதம் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா மாறியது, கல்லீரல் கொழுப்பும் குறைந்தது. பழைய சோற்றில் இந்த மாவுச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் 40 கிராம் கிடைக்காது. அதை நம்பி இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரைதான் ஏறும். தம்பி மனைவியிடம் நான் சொன்னது வேறு: சௌராஸ்தா மார்க்கெட்டில் கிடைக்கும் காச்சாங் போத்தோல் (சிறகு அவரை), வெண்டைக்காய், கீரை, தெம்பே (புளிக்க வைத்த சோயா), சோறு பாதி, பருப்பும் காயும் மீதி. கடையில் விற்கும் விலை உயர்ந்த புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கல்லீரல் கொழுப்புக்கு அவற்றை மருந்தாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை. எடை குறைவதுதான் இன்றைக்கும் உறுதியான வழி. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடுத்த முறை கிளினிக் போகும்போது, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி (ALT) என்ற கல்லீரல் நொதியின் அளவு சரியாக இருந்தாலும் உள்ளே தழும்பு இருக்கலாம்.