கியர் பாக்ஸைப் பிரித்தேன், மாட்டினேன், மறுபடியும் பிரித்தேன்

இரண்டாவது கியர் கரகரவென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் ஒரு முனகல், மிதித்தால் அமைதி. நாலாவது கியரில் மட்டும் அந்த முனகல் பாதியாகக் குறைந்தது. என்னுடையது பின்சக்கர டிரைவ் வண்டி. நாலாவது கியரில், என்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டும் அதைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மெயின் ஷாஃப்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். கீழே இருக்கிற கவுன்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிரப் பாரம் தாங்காது. ஆக, முனகுவது கவுன்டர் ஷாஃப்ட் பேரிங், கடிப்பது இரண்டாவது கியரின் சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் சுற்றும் வேகங்களைச் சமன்படுத்தும் பித்தளை வளையம்). பிரிக்காமலே இவ்வளவு தெரிந்ததும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அதற்கான பலன் பின்னால் வருகிறது.

ஆயிலை வடித்தபோது வெயிலில் பொன்துகள் போல மினுமினுத்தது. காந்தம் வைத்த டிரெயின் பிளக்கில் கறுப்பாக மெல்லிய மாவு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். ஆயிலே மஞ்சளாக மின்னினால், காந்தத்தில் ஒட்டாத பித்தளை ரிங் தேய்கிறது என்று அர்த்தம்.

கீழே இறக்குவது வெறும் உடம்பு வேலை. ஒன்றில் மட்டும் கவனம்: பெல் ஹவுசிங் (கியர் பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் கூடு) போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு முழுப் பாரத்தையும் இன்புட் ஷாஃப்டில் தொங்க விட்டால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். அடியில் ஜாக்கி கொடுத்து, நேராகப் பின்னால் இழுக்க வேண்டும்.

பிரித்த ஒவ்வொன்றையும் அதே வரிசையில் அட்டையில் அடுக்கி, படம் எடுத்துக்கொண்டேன். சிங்க்ரோ ஹப்பும், அதன் மேல் நகர்ந்து கியரைப் பூட்டும் ஸ்லீவும் பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். திருப்பிப் போட்டால் கியர் சரியாக விழாது. பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு இழுத்து வைத்தேன். கியரைத் தள்ளும் செலக்டர் தண்டை உருவும்போது, அதை இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் டிடென்ட் குண்டு ஸ்பிரிங் வேகத்தில் பறக்கும் என்று படித்திருந்ததால் மேலே துணி போட்டு மூடியே உருவினேன். குண்டு துணிக்குள் விழுந்தது. அங்கேதான் தப்பும் நடந்தது, எனக்குத் தெரியவில்லை.

பழைய ரிங்கை கியரின் கூம்பில் அழுத்தித் திருகினால் வழுக்கிக்கொண்டே போனது. புதியது சட்டென்று கவ்விப் பிடித்தது. ரிங்கின் உள்பக்கத்தில் இருக்கும் மெல்லிய வரிகள்தான் ஆயில் படலத்தை அறுத்துப் பிடிமானம் தருகின்றன. பழையதில் அவை மழமழவென்று தேய்ந்திருந்தன. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ரிங்குக்கும் கியருக்கும் நடுவே அளந்தேன். ரிங் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். மேனுவல் சொன்ன குறைந்தபட்ச எல்லை 0.5 மி.மீ., என்னுடையது 0.3.

பிரித்ததே பிரித்தோம் என்று ஐந்தாவது கியரையும் மாற்றினேன். இதே கியர் பாக்ஸ் வேறொரு மாடலில் 0.86க்குப் பதில் 0.80 விகிதத்தில் வருகிறது. இரண்டு ஷாஃப்டிலும் உள்ள ஜோடியை மொத்தமாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. முன்பு 3,000 ஆர்.பி.எம்.மில் போன வேகத்துக்கு இப்போது ஏறக்குறைய 2,800 போதும். நேர்ப்பல் கியர் போடச் சொன்னார் ஒரு நண்பர். பந்தயம் ஓட்டுபவர்களுக்கு அது சரி, தினமும் அந்த ஊளையைக் கேட்க என்னால் ஆகாது.

ஷாஃப்டை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, பேரிங்கை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் பாதித் தூரம் தானாகவே இறங்கிவிடும். மீதிக்கு, உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாயை வைத்துத் தட்டினேன். வெளிவளையத்தில் அடி விழுந்தால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் பதித்துவிடும். புது பேரிங் முதல் நாளே முனகும்.

சீலன்ட் தடவி, மூடியை முடுக்கி, ஆசையோடு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். இரண்டாவது கியர் விழுந்தது. அதை எடுக்காமலே மூன்றாவதின் தண்டைத் தள்ளிப் பார்த்தேன். அதுவும் விழுந்தது! ஷாஃப்ட் கல்லு மாதிரி நின்றுவிட்டது. ஒரு தண்டு நகர்ந்தால் மற்றதைப் பூட்டுவது இன்டர்லாக் பின்னின் வேலை. அதை நான் போடவே இல்லை. எங்கே என்று ஒரு மணி நேரம் தேடினேன். டிடென்ட் குண்டைப் பிடித்த அதே துணியின் மடிப்பில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இல்லாமல் கிடந்தது. குண்டு பறக்கும் என்ற பயத்தில், பின் விழுந்ததைப் பார்க்கவில்லை. சரி, என்ன செய்வது? மூடியைத் திறந்து, காய்ந்துகொண்டிருந்த சீலன்டைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போயிற்று. அப்படியே வண்டியில் ஏற்றி ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஆயில் 75டபிள்யூ-90 (கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (தரப் பிரிவு). ஜிஎல்-5 உசத்தி என்று சொல்வார்கள். ஆனால் அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சரக்கு பித்தளையை அரிக்கக்கூடும், ரிங்கையும் வழுக்க விடும்.

மறுநாள் காலை, என்ஜின் சூடாகும் முன்பே இரண்டாவது கியரைப் போட்டேன். சத்தமே இல்லாமல் இறங்கியது. ரிவர்ஸ் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக விழுகிறது. இப்போதைக்கு அதைத் திறப்பதாக இல்லை.